புழுவுக்குள்ள நடக்குற சண்டை: சாஃப்ளையும் ஒட்டுண்ணிக் குளவியும்

பூச்சி பத்தி கொஞ்சம் படிச்சாலே பாராசிட்டாய்டுன்னு ஒரு வார்த்தை வந்து நிக்கும். பேன், உண்ணி, வயித்துப்புழு இதெல்லாம் பாராசைட், அதாவது ஒட்டுண்ணி, நம்மள உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஆனா பொதுவா சாகடிக்காது, நாம செத்தா அதுக்குத்தான் நஷ்டம். சிலந்தி, பல்லி இதெல்லாம் வேட்டைக்காரங்க, புடிச்ச உடனே கொன்னு தின்னுடும். பாராசிட்டாய்டு இந்த ரெண்டுலயும் சேராது, ஒரே ஒரு பூச்சிக்குள்ள (இல்ல அது மேல) குடியிருந்து, அதையே தின்னு வளர்ந்து, கடைசில அதைக் கண்டிப்பா கொன்னுட்டுத்தான் வெளிய வரும். குஞ்சா இருக்கும்போது மட்டும்தான் இந்த வேலை, பெருசானதும் பறந்து போய் பூவுல தேன் குடிச்சுக்கிட்டு சாதுவா இருக்கும்.

நம்ம ஊர்ல கரும்பு போடுறவங்களுக்கு இது புதுசு இல்ல, இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுறாங்கல்ல, அந்த அட்டைல இருக்கறது இந்த வகைக் குளவிதான், அது முட்டையிலயே கதையை முடிச்சிடும். நான் இங்க சொல்லப்போறது அதுக்கு அடுத்த கட்டம். முட்டை பொரிஞ்சு புழுவாகி இலையைத் தின்னுக்கிட்டு இருக்கறப்போ வந்து தாக்குற கூட்டம், அதுவும் குறிப்பா சாஃப்ளைங்கற பூச்சியோட புழுவைத் தாக்குறது. எனக்குத் தெரிஞ்சு பூச்சி உலகத்துலயே ரொம்ப சுவாரசியமான கேஸ் இதுதான், ஏன்னா இதுல புழு சும்மா இருந்து சாகறதில்ல, திருப்பி அடிக்குது.

முதல்ல சாஃப்ளைன்னா என்னன்னு பாத்துடலாம். பேர்ல ஃப்ளைன்னு இருந்தாலும் ஈ கிடையாது, தேனீ, எறும்பு, குளவி இருக்குற அதே குடும்பக் கூட்டம்தான், ஆனா குளவிக்கு இருக்கற ஒல்லி இடுப்பு இதுக்கு இல்ல, கொட்டவும் கொட்டாது. பொண்ணு பூச்சிக்கு வயித்து நுனில ரம்பம் வச்ச ஒரு உறுப்பு இருக்கும், அதால இலையையோ இளந்தண்டையோ கீறி உள்ள முட்டையைச் சொருகும், அதனாலதான் அந்தப் பேரு. இதோட புழுவைப் பாத்தா பட்டாம்பூச்சிப் புழுன்னுதான் நினைப்போம், வித்தியாசம் கண்டுபிடிக்க காலை எண்ணணும். நெஞ்சுப் பகுதில மூணு ஜோடி நிஜக் கால் ரெண்டுக்கும் இருக்கும், அதுக்குப் பின்னாடி வயித்துல சதைக் கால் இருக்கும் பாருங்க, அது பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுவுல பொதுவா அதிகபட்சம் அஞ்சு ஜோடி, இலை தின்னுற சாஃப்ளைல ஆறோ அதுக்கு மேலயோ. கண்ணும் வேற, சாஃப்ளைப் புழுவுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கருப்புப் புள்ளிதான் கண்ணு. இது ஏதோ ஆராய்ச்சியாளருக்கான நுணுக்கம்னு நினைக்காதீங்க, அந்துப்பூச்சிப் புழுவுக்குன்னே இருக்குற பி.டி.ங்கற பாக்டீரியா மருந்தை இது மேல அடிச்சா பெருசா ஒண்ணும் ஆகாது, அதனால காலை எண்ணிட்டு கடைக்குப் போறது நல்லது.

சரி, இப்ப குளவி. சாஃப்ளைப் புழுவைத் தாக்குறதுல முக்கியமானது இக்னியூமான் குளவிங்க, நீளமான உடம்பு, நீளமான உணர்கொம்பு, அது துடிச்சுக்கிட்டே இருக்கும். இது போக டாகினிட்னு ஒரு வகை ஈயும் உண்டு, முடியெல்லாம் முறைச்சுக்கிட்டு வீட்டு ஈயை விட கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும். ஒவ்வொண்ணும் முட்டை வைக்கிற விதம் வேற வேற. சிலது ஊசியைப் புழு உடம்புக்குள்ள இறக்கி உள்ள வச்சிடும். எக்ஸென்டெரஸ்னு ஒரு இக்னியூமான் இருக்கு, அது புழு தோலுக்கு மேல வைக்கும், முட்டைல ஒரு காம்பு இருக்கும், அந்தக் காம்பைத் தோல்ல குத்தி நங்கூரம் போட்டுடும். டாகினிட் ஈயில சிலது தோல் மேல முட்டையை ஒட்டிட்டுப் போயிடும், பொரிஞ்ச புழு தோலைத் துளைச்சு உள்ள போகணும், அதுக்குள்ள சாஃப்ளைப் புழு தோல் உரிச்சிடுச்சுன்னா முட்டையும் தோலோட கழண்டு போயிடும், புழு தப்பிச்சிடும். டால்போமினஸ்னு ஒரு குட்டிக் குளவி இதெல்லாம் வேண்டாம்னு விட்டுட்டு, புழு கூடு கட்டி முடிக்கற வரைக்கும் பொறுத்து, கூட்டைத் துளைச்சு உள்ள இருக்கறது மேல ஒரு கூட்டமா முட்டை வைக்கும்.

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது ட்ரைகோனாலிட்னு ஒரு குளவிக் கூட்டம். இதுங்க புழுவைத் தேடிப் போறதே இல்ல, ஆயிரக்கணக்குல பொடிப் பொடியா முட்டையை இலை ஓரத்துல வச்சிட்டுப் போயிடும், எந்தப் புழுவாவது இலையோட சேத்து முழுங்கினா வயித்துக்குள்ள பொரியும். அப்பவும் நிறைய இனங்களுக்கு வேலை முடியாது, அந்தப் புழுவுக்குள்ள ஏற்கனவே வேற ஒரு ஒட்டுண்ணி இருந்தாத்தான் இது அதைத் தின்னு வளர முடியும். இவ்வளவு லாட்டரியை நம்பி ஒரு உயிரினம் ஓடிக்கிட்டிருக்கு. ஆஸ்திரேலியால யூக்கலிப்டஸ் தின்னுற பெர்கா சாஃப்ளைல மட்டும், அந்த ரெண்டாவது ஒட்டுண்ணி இல்லாம நேரடியாவே சாஃப்ளைப் புழுவைத் தின்னு வளர்ற ட்ரைகோனாலிட் இருக்கு.

இவ்வளவு பெரிய காட்டுல குளவி எப்படி சரியான மரத்தைக் கண்டுபிடிக்குதுன்னு கேட்டா, மரமே காட்டிக் கொடுக்குது. பெர்லின்ல மோனிகா ஹில்கர்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு பைன் மரத்துல இதைக் காட்டினாங்க. டிப்ரியான் பைனிங்கற சாஃப்ளை ஊசியிலையைக் கீறி முட்டை வச்சதும், மரம் விடுற வாசனைக் கலவை மாறுது, ஃபார்னசீன்னு ஒரு பொருள் அதிகமாகுது, அந்த வாசனைக்கு முட்டையைத் தாக்குற குட்டிக் குளவி தேடி வருது. வெறுமனே இலையைக் கீறினா இது நடக்கல, முட்டையோட சேந்து வர்ற சாஃப்ளையோட சுரப்பு பட்டாத்தான் மரம் அப்படி மாறுது. இது முட்டையைத் தாக்குற குளவி கதைதான், ஆனாலும் புழுவைத் தேடுற குளவிங்களுக்கும் தின்ன இலையோட வாசனை, புழுவோட எச்சம் இதெல்லாம்தான் பொதுவா துப்பு.

புழுவும் லேசுப்பட்டது இல்லன்னு சொன்னேன்ல. பைன் சாஃப்ளைப் புழு இலையில இருக்கற பிசினை ஜீரணம் பண்ணாம தொண்டைக்குப் பக்கத்துல ரெண்டு பைல சேத்து வச்சிருக்கும், யாராவது கிட்ட வந்தா கூட்டமா இருக்கற எல்லாப் புழுவும் ஒரே நேரத்துல தலையைத் தூக்கி உடம்பை உதறும், வாயில பிசின் சொட்டு வந்து நிக்கும், எறும்பும் சிலந்தியும் அதுல மாட்டினா கதை கந்தல். கடுகுச் செடில வர்ற அதாலியா சாஃப்ளை வேற வித்தை பண்ணும், தொட்ட உடனே சுருண்டு கீழ விழுந்துடும், அதோட ஐரோப்பிய உறவுக்காரப் புழு ஒண்ணுக்கு தோல் லேசா அழுத்தினாலே கிழிஞ்சு ரத்தம் கசியும், அந்த ரத்தத்துல கடுகுல இருந்து எடுத்து சேத்து வச்ச காரப் பொருள் இருக்கும். இவ்வளவுக்கும் அசராம குளவி வந்து முட்டை வச்சிடுது. ஆனா முட்டை உள்ள போயிட்டா புழு தோத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இங்கதான் கனடா கதை வருது, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா பாராசிட்டாய்டு பத்திப் புரிஞ்சிக்க வேண்டிய முக்கால்வாசி இதுலயே இருக்கு.

லார்ச்னு ஒரு மரம், குளிர் தேசத்து ஊசியிலை மரம், ஆனா மத்த ஊசியிலை மரங்கள்ல இருந்து மாறி வருஷா வருஷம் இலை மஞ்சளாகிக் கொட்டிடும். கனடால சதுப்பு நிலமெல்லாம் டாமராக்ங்கற லார்ச்தான். அதைத் தின்னுறது லார்ச் சாஃப்ளை, கருப்புத் தலை, சாம்பல் பச்சை உடம்பு. பெரும்பாலும் எல்லாமே பொண்ணுதான், ஆண் ரொம்ப அபூர்வம், ஆண் இல்லாமலே முட்டை வச்சு குடும்பம் பெருகும். புதுசா வர்ற தளிர்த் தண்டுல வரிசையா கீறி முட்டை வைக்கும், அதனால அந்தத் தளிர் ஒரு பக்கமா வளைஞ்சு போகும், தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடலாம். புழு தின்னு முடிச்சதும் கீழ விழுந்து பாசிக்குள்ள பழுப்புக் கலர்ல கூடு கட்டி குளிர்காலம் முழுக்க அதுக்குள்ளயே கிடக்கும். இந்தக் கூடுதான் கதைல முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

வட அமெரிக்கால இதை 1880ல மசாசுசெட்ஸ்ல பாத்தாங்க, அடுத்த சில வருஷத்துல கிழக்குக் கனடா, அப்புறம் மேற்கு நோக்கி. லார்ச் எப்படியும் இலை கொட்டுற மரம்ங்கறதால ஒரு வருஷம் மொட்டையானா செத்துடாது, ஆனா வருஷக்கணக்குல தொடர்ந்து தின்னா தாங்காது, அப்படி பெரிய பெரிய காடு போச்சு. அந்தக் காலத்துல கார்டன் ஹெவிட்னு ஒருத்தர் இங்கிலாந்துல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்தார், அவர் லேக் டிஸ்ட்ரிக்ட்ல தர்ல்மியர் ஏரியைச் சுத்தி இருக்கற லார்ச் மரத்துல இதே சாஃப்ளையைத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். அங்க ஒரு இக்னியூமான் குளவி அதை நல்லா அடக்குறதைப் பாத்தார், அதுதான் மீசோலியஸ் டென்த்ரெடினிஸ். 1909ல அவரையே கனடா அரசு பூச்சியியல் தலைவரா கூப்பிட்டுக்கிச்சு, அவர் போனதும் 1910ல இருந்து 1913 வரைக்கும் இங்கிலாந்துல இருந்து உள்ள குளவி இருக்கற சாஃப்ளைக் கூடுகளை வரவழைச்சார். கனடாவோட மனிடோபா மாகாணத்துல நார்மன் கிரிடில்ங்கற பூச்சியியலாளர் அந்தக் குளவியை ஸ்ப்ரூஸ் வுட்ஸ் காட்டுல விட்டார்.

குளவி அங்க நல்லாவே ஊன்றிக்கிச்சு. கொஞ்ச வருஷத்துக்கு எல்லாருக்கும் சந்தோஷம், புழுவைப் பிரிச்சுப் பாத்தா உள்ள குளவி லார்வா, வேற என்ன வேணும், உயிரியல் கட்டுப்பாட்டுக்கு இது ஒரு அருமையான எடுத்துக்காட்டுன்னு பேச்சு. அப்புறம் 1930களோட கடைசில மனிடோபால சாஃப்ளை திரும்ப பெருகுச்சு. குளவி செத்துப் போச்சான்னா இல்ல, குளவி இருக்கு, முட்டையும் வைக்குது, பிரிச்சுப் பாத்தா புழுவுக்குள்ள முட்டை இருக்கு, ஆனா பொரியல. முட்டையைச் சுத்தி ஒரு கெட்டியான உறை. மல்ட்ரூங்கற ஆராய்ச்சியாளர் 1953ல இதை விவரமா எழுதினார்.

அந்த உறை என்னன்னா, பூச்சி ரத்தத்துல நம்ம வெள்ளை அணுக்கள் செய்யுற வேலையைச் செய்யுற செல்கள் மிதந்துக்கிட்டிருக்கும். உள்ள ஏதாவது அந்நியப் பொருள் வந்து, அது ஒரே செல் முழுங்கிடற அளவுக்குச் சின்னதா இல்லன்னா, அந்த செல்கள் கூட்டமா வந்து அது மேல தட்டையா ஒட்டும், அது மேல இன்னொரு அடுக்கு, அது மேல இன்னொண்ணு, வெங்காயம் மாதிரி தோல் தோலா மூடிடும், பல பூச்சிகள்ல அந்த உறை கருப்பாவும் மாறிடும். உள்ள இருக்கற முட்டைக்கு காத்தும் இல்ல சாப்பாடும் இல்ல, செத்துடும். புழு ஒண்ணுமே நடக்காத கணக்கா கூடு கட்டி அடுத்த வருஷம் சாஃப்ளையா வெளிய வந்து மரத்தைத் தின்ன முட்டை வைக்கும். இதுக்குப் பேரு என்கேப்சுலேஷன், உறையிடுதல்னு வச்சுக்கலாம்.

இந்த எதிர்ப்பு எங்க இருந்து வந்துச்சு? இதுதான் எனக்கு இந்தக் கதைலயே ரொம்ப உறுத்தற இடம். ஒரு வாய்ப்பு, குளவி தாக்கித் தாக்கி, உறை போடத் தெரிஞ்ச புழு மட்டும் மிஞ்சி, அதோட வம்சம் பெருகியிருக்கலாம். இன்னொரு வாய்ப்பு கூடு. கூட்டை வெளிய இருந்து பாத்தா உள்ள இருக்கறது குளவியா சாஃப்ளையான்னு தெரியாது, கப்பல்ல வந்த கூடுகள்ல ரெண்டுமே இருந்திருக்கும், இங்கிலாந்து சாஃப்ளை அந்தக் குளவியோட ரொம்ப நாளா வாழ்ந்து பழகினது, உறை போடுற வித்தை அதுக்கு ஏற்கனவே தெரியும், அதுவும் சேந்து மனிடோபால இறங்கி பரவியிருக்கலாம். 1974ல வாங்ங்கறவர் வட அமெரிக்கால இருக்கற லார்ச் சாஃப்ளைல பல ரகம் கலந்திருக்குன்னு பிரிச்சுக் காட்டி இந்தப் பக்கம்தான் சாஞ்சார். அது சரின்னா, மருந்து கொண்டு வந்த பெட்டியிலயே மருந்துக்கு அடங்காத நோயும் வந்திருக்கு. இப்பல்லாம் வெளிநாட்டுல இருந்து ஒட்டுண்ணி கொண்டு வந்தா முதல்ல குவாரண்டைன் லேப்ல வச்சு, தலைமுறை தலைமுறையா வளர்த்து, குளவியை மட்டும் தனியா பிரிச்சுத்தான் வெளிய விடறாங்க.

கனடாக்காரங்க அத்தோட விடல, 1960கள்ல திரும்ப ஐரோப்பாவுக்குப் போனாங்க. ஜெர்மனில பவேரியா பகுதில அதே மீசோலியஸ் குளவி இருக்கு, ஆனா அந்த ஊர் ரகத்தோட முட்டை மேல பெரும்பாலும் உறை விழறதில்ல. அதே இனம், அதே தோற்றம், ஊர் மட்டும் வேற, ஆனா ரிசல்ட் தலைகீழ். அதைக் கொண்டு வந்து விட்டாங்க. கூடவே இன்னொரு குளவி, ஒலெசிகாம்பி பெனிஃபாக்டர், 1961ல இருந்து மனிடோபால விட்டது, இதுதான் பெரிய ஹிட். புழு குட்டியா இருக்கறப்பவே தாக்கி உள்ள முட்டை வைக்கும், கொஞ்ச வருஷத்துல விட்ட இடத்தைச் சுத்தி பெரும்பாலான புழுவுக்குள்ள இதுதான், அப்படியே அக்கம்பக்க மாகாணம், அமெரிக்கான்னு பரவுச்சு.

ஒலெசிகாம்பி மாதிரிக் குளவிங்ககிட்ட ஒரு விஷயம் இருக்கு, முதல் தடவை கேக்கறவங்க நம்ப மாட்டாங்க. அதுங்க முட்டை வைக்கிறப்போ கூடவே ஒரு வைரஸையும் ஊசி போடும். இது குளவியைத் தொத்தின நோய் இல்ல, குளவியோட சொந்த மரபணுவுக்குள்ளயே எழுதி வச்சிருக்கற வைரஸ், அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்குத் தானா வரும், பொண்ணு குளவியோட சினைப்பைல தயாராகும், புழுவுக்குள்ள போனா அங்க பெருகாது, ஆனா அதோட ஜீன் வேலை செய்யும். இக்னோவைரஸ்னு பேரு, ஒலெசிகாம்பிலயும் இது இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. இந்த வகை வைரஸ் நல்லா ஆராயப்பட்டதெல்லாம் அந்துப்பூச்சிப் புழுவுலதான், அங்க அது செய்யுறது என்னன்னா உறை போட வர்ற ரத்த செல்களை ஒட்ட விடாம கெடுக்கறது, புழுவோட வளர்ச்சியையும் குளவிக்கு வசதியா மாத்தறது. குளவில சில இனம் வேற வழி வச்சிருக்கு, முட்டை ஓட்டு மேல்பூச்சு புழுவோட செல்லுக்கு அந்நியமாவே தெரியாது, இல்ல செல் வந்து ஒட்டாத இடத்துல, உதாரணமா நரம்பு முடிச்சுக்குள்ள, முட்டையை ஒளிச்சு வச்சிடும்.

இதோட ஜெயிச்சாச்சான்னா, ஒலெசிகாம்பி விட்டு கொஞ்ச வருஷத்துலயே அதுக்குள்ள இன்னொரு குளவி வர ஆரம்பிச்சுச்சு, மீசோகோரஸ். இது சாஃப்ளைப் புழுவைக் குத்தும், ஆனா தேடறது சாஃப்ளையை இல்ல, அதுக்குள்ள இருக்கற ஒலெசிகாம்பி குட்டியை. புழுவுக்குள்ள குளவி, குளவிக்குள்ள குளவி. இதை ஹைப்பர்பாராசிட்டாய்டுன்னு சொல்லுவாங்க. இந்தக் கூட்டம் ஒலெசிகாம்பி எண்ணிக்கையை நல்லாவே இறக்கிடுச்சு. வெளில இருந்து பாக்கற நமக்கு எல்லாமே ஒரே பழுப்புக் கூடு, உள்ள இருந்து சாஃப்ளை வருமா, நல்லது பண்ற குளவி வருமா, அதைக் கொன்ன குளவி வருமான்னு வெளிய வந்தாத்தான் தெரியும்.

கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து தீவுல இதே லார்ச் சாஃப்ளைக்கு வேற ஆளையும் இறக்கினாங்க, குளவி இல்ல, மூஞ்சூறு. அந்தத் தீவுல அதுவரைக்கும் மூஞ்சூறே கிடையாது, பாசிக்குள்ள கிடக்கற கூட்டைத் தோண்டித் தின்னும்னு 1958ல கொண்டு போய் விட்டாங்க, இப்ப தீவு முழுக்க இருக்கு. அதே மாதிரி 1930ல கியூபெக்ல காஸ்பே பக்கம் ஸ்ப்ரூஸ் மரத்தை மொட்டையாக்கின வேற ஒரு சாஃப்ளைக்கு, ஒன்டாரியோ பெல்வில் லேப்ல டால்போமினஸ் குளவியைக் கோடிக்கணக்குல வளர்த்து விட்டாங்க. கடைசில பெரிய அடி கொடுத்தது அவ்வளவு செலவு பண்ணி வளர்த்த அந்தக் குளவி இல்ல, தெரியாம வந்து சேந்த ஒரு வைரஸ் நோய், அநேகமா ஒட்டுண்ணிங்க வந்த பார்சலோடயே வந்திருக்கணும். அதுக்கப்புறம் சாஃப்ளை கம்மியா இருக்கற காலத்துல எக்ஸென்டெரஸும் ஒரு டாகினிட் ஈயும் அந்த வைரஸோட சேந்து அதைத் தலைதூக்க விடாம வச்சிருக்கு.

இந்தியாவுல சாஃப்ளை பிரச்சனைன்னா அது கடுகுதான், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கம் அக்டோபர் நவம்பர்ல செடி சின்னதா இருக்கறப்போ வந்து இலையை ஓட்டை போடும், முள்ளங்கி, முட்டைக்கோஸையும் விடாது. இதுக்கும் ஒரு இக்னியூமான் உண்டு, பெரிலிசஸ் சிங்குலேட்டர், இங்கயே இயற்கையா இருக்கறது, யாரும் காசு கொடுத்து விட வேண்டியதில்ல. பார்க்கணும்னா முள்ளங்கி இலைல கருமையா, தொட்டா சுருண்டு விழற புழுவைக் கொஞ்சம் புடிச்சு, சதைக் கால் எட்டு ஜோடி இருக்கான்னு எண்ணிட்டு, அடில ஈர மண்ணு போட்ட பாட்டில்ல இலையோட விட்டு வாயை மெல்லிய துணியால கட்டி வைங்க. புழு மண்ணுக்குள்ள போய் கூடு கட்டும். நாலு ரெக்கை ஒரே அளவுல இல்லாம, இடுப்பு ஒல்லியா, உணர்கொம்பு நீளமா ஒண்ணு வெளிய வந்துச்சுன்னா உங்க தோட்டத்துல குளவி வேலை பாத்துக்கிட்டிருக்கு, மருந்து அடிக்கறதை ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பாக்கலாம். இடுப்பே இல்லாம தடிமனா ஆரஞ்சு உடம்போட வந்தா அது சாஃப்ளை.